டாட்டா மெட்ராஸும் ஒரு மில் சைரனும்

குழந்தைகளுக்குக் கதை எழுதுகிறேன் என்று சொன்னால் உலகம் உடனே நம்மிடம் ஒரு முயலை எதிர்பார்க்கிறது. முயல் இல்லையென்றால் ஒரு அணிலாவது இருக்க வேண்டும். "யுத்தம், பஞ்சம், ஊரை விட்டு ஓடினது, இந்த மாதிரி விஷயங்களைப் பத்தித்தான் எழுதறேன்" என்று சொல்லிப் பாருங்கள். எதிரில் இருப்பவர் கையிலிருக்கும் காபியைக் கீழே வைத்துவிடுவார். "சின்னப் பசங்களுக்கு இதெல்லாம் எதுக்குங்க, பாவம்" என்பார். நான் ஏதோ பிஞ்சுக் கையில் பீடியைக் கொடுத்துவிட்ட மாதிரி ஒரு பார்வை வேறு பார்ப்பார்.

இப்போதெல்லாம் இந்தக் கேள்விக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே நிதானமாக ஒரு பதில் சொல்கிறேன். கேட்பவர்கள் தலையாட்டுகிறார்கள். ஓரிரு கூட்டங்களில் கைகூடத் தட்டியிருக்கிறார்கள். ஆனால் அந்தப் பதிலை நான் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எண்ணூர்ப் பக்கம் ஒரு குடியிருப்பையே வீட்டை விட்டு ஓட வைத்து, போலீஸிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, மணலில் உட்கார்ந்து அழுத பிறகுதான் அது எனக்குக் கிடைத்தது. (கூட்டங்களில் இந்தப் பகுதியைச் சொல்வதில்லை. மரியாதை போய்விடும்.)

அப்போது நான் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் ஒரு கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். நாள் முழுக்கக் கம்பி, பட்டை, ஆங்கிள், சேனல். காதில் லாரிச் சத்தம், மூக்கில் துரு. சாயங்காலம் காலடிப்பேட்டைக்கு வந்து சோற்றை வடித்துவிட்டு எழுத்தாளராக மாறிவிடுவேன். மாறிவிட்டேன் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். அனுப்பிய கதைகளெல்லாம் போன வேகத்தில் திரும்பி வந்துகொண்டிருந்தன. "உன் கதைங்களுக்கு நம்ம வீட்டு அட்ரஸ் மனப்பாடம் ஆயிடுச்சு" என்பார் என் வீட்டுக்காரர். அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்குக் கீழே நடப்பதெல்லாம் வேடிக்கையாகத்தான் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு பழைய சங்கதி என் கண்ணில் பட்டது. 1942-ல், உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, ஜப்பான் கப்பற்படை மெட்ராஸை நோக்கி வருகிறது என்று தகவல் வந்திருக்கிறது. அவசிய வேலை இல்லாதவர்கள் ஊரை விட்டுக் கிளம்புங்கள் என்று அரசாங்கமே சொல்லிவிட்டது. ஜனங்கள் ரயிலிலும் மாட்டுவண்டியிலும் கால்நடையாகவும் போயிருக்கிறார்கள். சென்ட்ரல் பக்கத்தில் அப்போது இருந்த மிருகக்காட்சி சாலையில் குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் என்ன செய்வது என்று பயந்து, சிங்கங்களையும் புலிகளையும் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். கடைசியில் அந்தக் கப்பற்படை வரவே இல்லை. தகவலே தப்பு.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பானிபட்டில் யார் யாரை ஜெயித்தார்கள் என்று நான் பள்ளிக்கூடத்தில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். தினமும் பஸ் ஏறி இறங்குகிற என் ஊரே ஒருமுறை காலியானதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. கோபமாக வந்தது. நம் பிள்ளைகளுக்காவது இதைச் சொல்லியே ஆக வேண்டும் என்று அன்று ராத்திரியே எழுத உட்கார்ந்தேன்.

உட்கார்ந்ததும் தைரியம் போய்விட்டது. சின்னப் பிள்ளைகள் படிக்கப் போகிறார்களே, பயந்துவிட்டால்? முதலில் பயத்தை எடுத்தேன். பிறகு அழுகையை எடுத்தேன். பிறகு கூட்டத்தை, நெரிசலை, ரயிலில் இடம் கிடைக்காமல் நின்றவர்களை எடுத்தேன். மிச்சம் இருந்தது ஒரு அப்பா, ஒரு அம்மா, ஒரு பாப்பா, ஒரு பூனை. நால்வரும் மாட்டுவண்டியில் ஏறிச் சிரித்துக்கொண்டே கிளம்பினார்கள். புத்தகத்தின் பெயர் 'டாட்டா மெட்ராஸ்!' படங்களையும் நானே வரைந்தேன். எனக்கு முகம் என்று வரைந்தால் சிரித்த முகம் மட்டும்தான் வரும் என்பதால் மாடும் சிரித்தது. சிங்கங்கள் வரும் பக்கத்தில் மட்டும் நிறைய நாள் தேங்கி நின்றேன். கடைசியில் அவற்றை ரயிலில் ஏற்றிவிட்டேன். ஜன்னலோரம் உட்கார்ந்து எல்லோருக்கும் கையசைத்துவிட்டு வெளியூர் போயின. அதை எழுதி முடித்தபோது எனக்கு எவ்வளவு கருணை உள்ளம் என்று எனக்கே கண் கலங்கியது.

ராயப்பேட்டையில் சின்னதாக ஒரு பதிப்பகம் வைத்திருந்த சபாபதி சார் மட்டும் அதைத் திருப்பி அனுப்பவில்லை. போன் செய்தார். ஒரு பதிப்பாளரிடமிருந்து எனக்கு வந்த முதல் போன். பின்னால் லாரியிலிருந்து கம்பி இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா, அங்க என்ன சண்டையா?" என்றார்.

"இல்ல சார், லோடு இறக்கறாங்க. நீங்க சொல்லுங்க சார்."

"விஷயம் நல்லா இருக்கும்மா. ஆனா யுத்தக் கதை. குழந்தைங்க உட்காருவாங்களான்னு பயமா இருக்கு. ஒண்ணு பண்ணுங்க. நிஜக் குழந்தைங்களை உட்கார வெச்சுப் படிச்சுக் காட்டுங்க. நானும் வந்து பின்னாடி உட்கார்ந்துக்கறேன். கடைசிப் பக்கம் வரைக்கும் உட்கார்ந்தாங்கன்னா அச்சுக்குக் கொடுத்துடலாம். நடுவுல எழுந்து போயிட்டாங்கன்னா..." என்று இழுத்தார்.

"போக மாட்டாங்க சார்" என்றேன்.

அந்த இழுவையிலேயே என் வாழ்க்கை தொங்கிக்கொண்டிருந்தது. இதுவும் போனால் பேனாவை மூடிவிட்டு, சாத்தாங்காட்டிலேயே பில் போட்டு வயதாகிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அப்போது நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன்.

நிஜக் குழந்தைகளுக்கு எங்கே போவது? எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் கஸ்தூரிதான் கைகொடுத்தாள். எண்ணூர்ப் பக்கம் கடலோரத்தில் அவளுக்கு வீடு. அவள் தெருவில் ஒரு படிப்பகம் உண்டு. காலையில் பேப்பர், சாயங்காலம் கேரம். சாவி கஸ்தூரி கையில்.

"ஞாயித்துக்கெயம காலீல அது சொம்மாத்தான் கீது யக்கா. உன் சாரை இஸ்துகினு வா. புள்ளைங்கள நான் குந்த வைக்கிறேன்" என்றாள் சங்கரா மீனைச் சுத்தம் செய்துகொண்டே. "எம்பொண்ணு யுவராணி கீறாளே, ஒரு கேள்வி கேப்பா பாரு, பேஜாராயிருவ."

நான் சிரித்தேன். (பிறகு நெடுநாள் சிரிக்கவில்லை.)

படங்களை யானைக்கவுனியில் ஒரு கடையில் கொடுத்துப் பெரிய அட்டைகளாகப் போட்டுக்கொண்டேன். ஆனாலும் பயம் விடவில்லை. பிள்ளைகள் நெளிந்தால் என்ன செய்வது? ஏதாவது ஒரு செயல்முறை விளக்கம் இருந்தால் கட்டிப்போட்டு உட்கார வைத்துவிடலாமே என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான், எங்கள் கடைக்குப் பக்கத்துக் கடையில் பழைய இரும்பு வியாபாரம் செய்யும் ஷரீஃப் பாயின் வாசலில் அதைப் பார்த்தேன். சின்ன பீப்பாய் அளவில் ஒரு இரும்பு உருண்டை. பக்கத்தில் ஒரு கைப்பிடி.

"இது என்ன பாய்?"

"சைரன் தங்கச்சி. மூடுன மில்லுல எடுத்தது. கையால சுத்துறது. இத்த சுத்துனா பொன்னேரி வரைக்கும் கேக்கும்."

பாய் சொல்வதில் முக்கால்வாசியைக் கழித்துவிட வேண்டும் என்பது சாத்தாங்காட்டில் எல்லோருக்கும் தெரியும். சுற்றிப் பார்த்தேன். துருவேறிய தொண்டையிலிருந்து சளி பிடித்த மாடு மாதிரி ஒரு முனகல் வந்தது. அது போதும் எனக்கு. அந்தக் காலத்தில் விமானத் தாக்குதலுக்கு எச்சரிக்கை கொடுக்க இப்படித்தான் ஊதுவார்கள் என்று சொல்லி, ஒரு முனகல் முனகவிட்டால் பிள்ளைகள் வாயைப் பிளந்துவிடுவார்கள். இரவல் கேட்டேன். பாய் அதைக் கொடுத்ததோடு, தானே வந்து சுற்றுகிறேன் என்றார். அவர் வாழ்க்கையில் ஒரு புத்தக விழாவுக்கும் போனதில்லையாம்.

அவர் செய்த ஒரு காரியம்தான் எனக்குத் தெரியாது. நம்ம கடைப் பொருள் சபையில் தலைகுனியக் கூடாது என்று முந்தின நாள் முழுக்க உட்கார்ந்து அந்தச் சைரனைப் பிரித்து, துருவைச் சுரண்டி, மண்ணெண்ணெயில் கழுவி, கிரீஸ் போட்டு மாட்டியிருக்கிறார்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் சைரன் என்பது புதிய சமாச்சாரமே இல்லை. தொழிற்சாலைகளுக்கு நடுவில்தான் எங்கள் வீடுகள். நீளமாக ஒரே சுருதியில் ஊதினால் ஷிப்ட் மாறுகிறது. ஏறி இறங்கி, ஏறி இறங்கி ஊதினால் எங்கேயோ வாயு கசிந்துவிட்டது. துணியை நனைத்து மூக்கில் வை, காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார், ஓடு. எண்ணூரில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் இது தெரியும். இதே பக்கத்தில் பிறந்து வளர்ந்த எனக்கும் நன்றாகத் தெரியும். ஆனால் அந்த வாரம் முழுக்க என் உடம்பு மட்டும்தான் காலடிப்பேட்டையில் இருந்தது. மூளை 1942-ல் குடியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. படிப்பகத்தில் கோரைப்பாய் விரித்துப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் வெள்ளைச் சட்டை, மடித்த குடை சகிதம் சபாபதி சார். சுவருக்கு வெளியே, ஜன்னல் பக்கம் ஷரீஃப் பாய் சைரனோடு தயாராக நின்றார். நான் கைக்குட்டையை உயர்த்தினால் சுற்ற வேண்டும் என்று பேச்சு. கஸ்தூரி மகள் யுவராணி முதல் வரிசையில், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒன்பது வயது இருக்கும்.

முதல் அட்டையைக் காட்டி, நானும் சிரித்த முகமாகப் படித்தேன்.

"இன்னா டீச்சர், வூட்ட வுட்டுப் போறாங்க, பல்லக் காட்டிகினு கீறாங்க?" என்றாள் யுவராணி. (எங்கள் பக்கம் கையில் புத்தகத்தோடு யார் நின்றாலும் டீச்சர்தான்.)

"அவங்க ரொம்ப தைரியசாலிங்கம்மா."

"யார்கூட சண்ட போட்டாங்க?"

"சண்டை போடலை. கிளம்பிப் போனாங்க."

"அப்போ டூருக்குப் போனாங்களா?"

"டேய், மாடுகூட சிரிக்குதுடா" என்றான் ஒருவன். எல்லோரும் மாட்டைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். ஒரு கொட்டாவி முதல் வரிசையில் புறப்பட்டுக் கடைசி வரிசை வரை போய், சபாபதி சாரிடம் முடிந்தது. மூன்றாவது அட்டைக்குள் இரண்டு பேர் கேரம் போர்டைப் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். சார் குடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கிளம்பப் போகிறவர் செய்யும் காரியம் அது. ஏழாவது பக்கத்துக்கு வைத்திருந்த கைக்குட்டையை அப்போதே உயர்த்திவிட்டேன்.

பாய் சுற்றினார்.

முதலில் ஒரு உறுமல். அடுத்து அது மெல்ல எழுந்து, ஜன்னல் கம்பியில் ஏறி, கூரைத் தகட்டில் ஏறி, என் பல்லுக்குள் ஏறியது. பாய்க்குக் கை வலித்து ஒரு நொடி விட்டதில் கொஞ்சம் இறங்கியது. உற்சாகத்தில் அவர் மறுபடி சுற்ற, மறுபடி ஏறியது. ஏறி, இறங்கி, ஏறி, இறங்கி.

எனக்கு அந்த வினாடியில்தான் உறைத்தது. உறைத்துப் பிரயோஜனமில்லை.

ஒரு பிள்ளைகூடக் கத்தவில்லை. அதுதான் இன்றைக்கும் எனக்கு மறக்காதது. "லீக்கு" என்று யாரோ சொன்னார்கள், அவ்வளவுதான். விரிப்பிலிருந்து எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். மூலையில் இருந்த தண்ணீர்க் குடத்தில் யுவராணி தன் துப்பட்டாவை முக்கினாள். அடுத்தவன் சட்டையைக் கழற்றி முக்கினான். பெரியவர்கள் சின்னவர்களைக் கையில் பிடித்துக்கொண்டார்கள். ஒரு பையன் வாசலுக்கு ஓடி, தூரத்துப் புகைபோக்கியைப் பார்த்துவிட்டு, "பொகை இந்தாண்ட சாயுது, அந்தாண்ட ஓடு!" என்றான். இன்னொருவன் சபாபதி சார் துணியில்லாமல் நிற்பதைப் பார்த்து, கேரம் போர்டு துடைக்கும் துணியை நனைத்து அவர் முகத்தில் ஒரே அப்பாக அப்பினான். அதில் வருஷக்கணக்கான போரிக் பவுடர் இருந்தது. சார் முகம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஆகிவிட்டது. "தாத்தா, வாயத் தொறக்காத, ஓடு!" என்று அவரை இழுத்துக்கொண்டு போனார்கள்.

நான் ஜன்னலுக்கு ஓடினேன். "பாய்! நிறுத்துங்க பாய்!"

"வுட்டுட்டேன் தங்கச்சி! அதுவா சுத்துது! நெறைய கிரீஸ் போட்டேன்ல!" என்றார். அவர் முகத்தில் பெருமையும் பீதியும் சரிபாதியாக இருந்தன.

தெருவில் கதவுகள் திறந்தன. அடுப்பை அணைத்துவிட்டு, ஈரத்துணியோடு, வீடு வீடாக ஜனங்கள் வெளியே வந்தார்கள். பரோட்டா மாஸ்டர் ஒருவர் கையில் மாவு உருண்டையோடு ஓடினார். ஒருவர் லவ் பேர்ட்ஸ் கூண்டைத் தலைமேல் வைத்திருந்தார். நான் நடுத்தெருவில் நின்று, "யாரும் ஓடாதீங்க! இது ஜப்பான் சைரன்! ஜப்பான்!" என்று கத்தினேன்.

"இன்னாவாம்?" என்றார் ஓடிக்கொண்டே ஒருவர்.

"ஏதோ ஜப்பான் கம்பெனியில லீக்காம்பா!" என்றார் இன்னொருவர்.

அடுத்த தெருவும் கிளம்பியது.

அப்போது யுவராணி திரும்பி ஓடி வந்தாள். எல்லோரும் அந்தப் பக்கம் போக, அவள் மட்டும் இந்தப் பக்கம் வந்தாள். பாதித் துப்பட்டாவைக் கிழித்து நனைத்து வைத்திருந்தாள். "இல்லம்மா, இது சும்மா..." என்று நான் ஆரம்பிப்பதற்குள் அதை என் வாயில் வைத்து அழுத்திவிட்டாள். உண்மையைச் சொல்ல எனக்கு இருந்த ஒரே வழியும் அடைபட்டது. என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். பக்கத்தில் வேட்டியை மடித்துக் கட்டியபடி ஷரீஃப் பாயும் ஓடிக்கொண்டிருந்தார். வாய்த்துணியை விலக்கி, "பாய், நீங்க எதுக்கு ஓடறீங்க? நீங்கதானே சுத்தினீங்க?" என்றேன்.

"எல்லாரும் ஓடுறாங்களே தங்கச்சி!" என்றார்.

வலை காயப்போடும் மணல் மேட்டில் எல்லோரும் மூச்சு வாங்க நின்றோம். அங்கேதான் நான் சொன்னேன். லீக் இல்லை, கம்பெனி இல்லை, யுத்தக் கதைக்காக நான்தான் ஊதச் சொன்னேன் என்று. அதற்குள் போலீஸும் வந்துவிட்டது. சப் இன்ஸ்பெக்டர் நாலைந்து இடத்துக்குப் போன் போட்டு, எங்கேயும் எதுவும் கசியவில்லை என்று உறுதி செய்துகொண்டு என்னிடம் வந்தார்.

"எந்த யுத்தம்மா?"

"1942, சார்."

"அந்த யுத்தத்துக்கு இன்னிக்கா சைரன் ஊதுவீங்க?"

சைரனைக் கொண்டுபோய் ஜீப்பில் வைத்தார்கள். வைக்கும்போதுகூட அது லேசாக ஒரு தடவை முனகியது.

போலீஸைக்கூடத் தாங்கிக்கொண்டேன். கஸ்தூரியைத்தான் தாங்க முடியவில்லை. கையில் மிக்ஸியோடு என் முன்னால் வந்து நின்றாள். அவசரத்தில் அதைத்தான் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள்.

"வெள்ளாட்டாக்கா ஒனக்கு? போன தபா நெசமாவே கசிஞ்சப்போ எம்பொண்ணு மூச்சு வுட முடியாம ஆஸ்பத்திரில கெடந்தா. சத்தம் கேட்டதும் எனக்கு உசுரு போயி வந்துச்சு. நீ கதை சொல்றேன்னு சொன்ன. இதுவா கதை?"

நான் மணலில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். மன்னிப்புக் கேட்டேன். கேட்கக் கேட்க இன்னும் அழுகை வந்தது. புத்தகம் போனதற்காக மட்டும் அழவில்லை. அந்தச் சத்தத்தின் அர்த்தம் தெரிந்த பிள்ளைகளிடம் அதை நான் விளையாட்டுச் சாமானாகக் கொண்டுபோனேனே என்பதற்காகவும்தான். சபாபதி சார் சுண்ணாம்பு முகத்தோடு கவிழ்த்துப் போட்ட ஒரு படகின் மேல் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிள்ளைகள் வீட்டுக்குப் போகவில்லை. ஓடி வந்த உற்சாகம் அடங்காமல் என்னைச் சுற்றி வந்து குந்திவிட்டார்கள்.

"டீச்சர், அவங்களும் சைரன் கேட்டுத்தான் ஓடுனாங்களா?" என்றாள் யுவராணி.

"இல்லம்மா. கப்பல்ல எதிரி வரான்னு ஒரு செய்தி வந்துச்சு. அதைக் கேட்டுப் போனாங்க."

"பயந்தாங்களா?"

"ரொம்ப பயந்தாங்க."

"அத்த ஏன் நீ படிக்கல? அவங்க இன்னா எடுத்துகினு ஓடுனாங்க?"

எனக்குத் தெரியவில்லை. ஒரு புத்தகமே எழுதியிருந்தேன், ஆனால் அதை யோசித்துக்கூடப் பார்க்கவில்லை. "எங்கம்மா மிக்ஸி எடுத்தாங்க" என்றாள் யுவராணி. பிள்ளைகள் சிரித்தார்கள். கஸ்தூரி மிக்ஸியை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். "எங்க நைனா ஒண்ணும் எடுக்கல, என்னிய மட்டும் எடுத்தாரு" என்றான் ஒரு பொடியன். அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

"மிருகமெல்லாம் ரயில்ல போச்சுன்னு ஒரு படம் வெச்சிருந்தியே, நான் பின்னாடி அட்டையப் பாத்தேன்" என்றாள் யுவராணி. "சிங்கம் நெசமா ரயிலேறிச்சா?"

நான் சபாபதி சாரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். அந்த வெள்ளை முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இன்றைக்கு இதற்கு மேல் கெடுவதற்கு என்ன இருக்கிறது என்று தோன்றியது.

"இல்லம்மா. சுட்டுட்டாங்க. கூண்டு உடைஞ்சா வெளிய வந்துடுமேன்னு பயந்து சுட்டுட்டாங்க."

ஒரு சின்னப் பிள்ளை அழுதது. அதன் அக்கா அதை மடியில் போட்டுக்கொண்டாள். எழுந்து போவார்கள் என்று நினைத்தேன். யாரும் எழவில்லை. இன்னும் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

"சிங்கத்துக்குத் தெரியுமா, இன்னாத்துக்கு சுடறாங்கன்னு?"

"தெரிஞ்சிருக்காது."

"ரயிலுன்னு நீ சொன்னா நாங்க நம்பிருவோம்ல டீச்சர்? அப்பால பெரிசாயி, நெசம் தெரிஞ்சா உன்னியத்தான் திட்டுவோம்" என்றாள் யுவராணி. கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு நல்லது நினைத்துத்தான் சொன்னாள். இன்றைக்குக் கூட்டங்களில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே நான் சொல்வது இதைத்தான். கொஞ்சம் இஸ்திரி போட்டுச் சொல்கிறேன், அவ்வளவே.

"அப்பால இன்னா ஆச்சு? கப்பல் வந்துச்சா?"

"வரவே இல்ல. செய்தியே பொய்."

அந்தப் பொடியன்தான் முதலில் கண்டுபிடித்தான். "அப்போ அவங்களும் நம்ம மாதிரி சொம்மா ஓடுனாங்களா!"

மணல் மேடே சிரித்தது. சிரித்து, ஒருவர் மேல் ஒருவர் விழுந்து, பரோட்டா மாஸ்டர் ஓடியது எப்படி, தாத்தா முகம் வெள்ளையானது எப்படி என்று நடித்துக் காட்டினார்கள். யாரோ கேட்டார்கள், அந்தச் சிங்கம் இருந்த கூண்டு அப்புறம் என்ன ஆயிருக்கும் என்று. சிரிப்பு நின்று அதைப் பற்றிப் பேசினார்கள். மறுபடி சிரித்தார்கள். இத்தனையும் ஒரே கதைக்குள் இருக்கலாம் என்று எனக்கு அதுவரை தெரியாது. எழுதுகிறவள் நான்தான், பெயருக்கு. என் அட்டைகள் படிப்பகத்தில் கிடந்தன. கடைசிப் பக்கத்தைப் புத்தகமே இல்லாமல் சொல்லி முடித்தேன்.

சபாபதி சார் வேட்டி மணலைத் தட்டிக்கொண்டு எழுந்து வந்தார்.

"சார், அவங்க உட்காரலை சார். மூணாவது பக்கத்துலேயே..."

"அங்க உட்காரலைம்மா. இங்க உட்கார்ந்தாங்களே. நான் அவங்களைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன், வேற எங்கயும் பார்க்கல" என்றார். "அச்சுக்குக் கொடுத்துடலாம். ஆனா 'டாட்டா மெட்ராஸ்' இல்ல. இப்ப சொன்னீங்களே, அது." பிறகு முகத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "தண்ணி கிடைக்குமா? தோல் இழுக்குது" என்றார்.

நான் வீடு திரும்பியபோது வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றார். துறைமுகம் வரை செய்தி போயிருந்தது. "எண்ணூர்ல ஏதோ ஜப்பான் கம்பெனியில லீக்காமே, நீ பத்திரமா வந்தியா?" என்றார் நிஜமான கவலையோடு. நடந்ததைச் சொன்னேன். முதலில் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். அந்தச் சிரிப்பு தீபாவளி வரை ஓடியது. இன்றைக்கும் எங்கள் வீட்டில் குக்கர் விசில் அடித்தால் யாராவது ஒருவர் "ஜப்பான்!" என்று கத்துவார்கள். மருமகள் புதிதாக வந்தபோது பயந்துவிட்டாள், பாவம்.

புத்தகத்தை முதலிலிருந்து எழுதினேன். அதில் ஆட்கள் பயந்தார்கள். அழுதார்கள். கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மாடு சிரிக்கவில்லை. ஒரு பக்கத்தில் காலிக் கூண்டு மட்டும் இருந்தது. சபாபதி சார் வேறு ஓவியரைப் பிடித்ததால் படங்களும் தப்பித்தன. அதற்குப் பிறகு ஏழெட்டுப் புத்தகங்கள் வந்துவிட்டன. ஒவ்வொன்றையும் அச்சுக்குப் போகும் முன் அதே படிப்பகத்தில்தான் படித்துக் காட்டுகிறேன். முதல் தடவை மறுபடி போகவே பயமாக இருந்தது. கஸ்தூரிதான் மீன் கூடையை இறக்கும்போது, "இன்னாக்கா, அடுத்த புக்கு எப்போ? புள்ளைங்க கேட்டுகினே கீது" என்று கூப்பிட்டாள். அன்றைக்கு என்னை மன்னித்துவிட்டாள் என்று தெரிந்துகொண்டேன்.

ஆனால் மன்னிப்பு வேறு, முன்னெச்சரிக்கை வேறு. நான் படிக்கப் போகும் நாளெல்லாம் காலையிலேயே கஸ்தூரி ஒரு ஆட்டோவில் மைக் கட்டித் தெருத் தெருவாக அறிவிப்பாள். "இன்னிக்கு பத்து மணிக்கு படிப்பகத்துல எழுத்தாளரம்மா கதை படிக்கிறாங்க. சைரன் கீரன் ஒண்ணும் கெடையாது. கேட்டா அது நெசம், ஓடிருங்க." பிறகு பிள்ளைகள் வருவார்கள். பின்னாலேயே அம்மாக்கள் வந்து வாசலில் நின்றுகொள்வார்கள். என்னைக் கண்காணிக்க வந்ததாகத்தான் பேச்சு. ஆனால் கடைசிப் பக்கம் முடியும் வரை ஒருத்தியும் நகர மாட்டாள்.

போன மாதம் வேறு ஊரிலிருந்து ஒரு பள்ளிக்கூடத் தலைமையாசிரியை வந்திருந்தார். குழந்தைகள் யுத்தத்தையும் பஞ்சத்தையும் இப்படி உட்கார்ந்து கேட்கிறார்களே என்று அவருக்கு ஆச்சரியம். வாசலில் நின்ற கஸ்தூரியிடம், "இவங்க எழுதறது உங்க பிள்ளைங்களுக்குப் பிடிச்சிருக்கா?" என்று கேட்டார்.

கஸ்தூரி என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஷோக்கா எழுதுவாங்க மேடம்" என்றாள். "இன்னா ஒண்ணு, இவங்க படிக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி அடுப்ப அணைச்சிட்டு வந்துரணும்."